டிரெய்லர் இழுக்க டீசல் எஸ்யூவியா, பெட்ரோல் எஸ்யூவியா? புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

அமெரிக்காவில் ஒரு குடும்பம் முதன்முதலாகக் கேம்பிங் டிரெய்லர் வாங்க முனையும்போது, அதை இழுக்கும் வண்டி டீசலா, பெட்ரோலா என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. கேள்வி நியாயமானதே என்றாலும், எடைக் கணக்கை முடித்த பிறகே அதைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. இரண்டு எஞ்சினும் ஒரே வண்டியில் கிடைத்தால்தான் ஒப்பீடு சரியாக அமையும் என்பதால், 2021 மாடலில் புதிதாக வடிவமைக்கப்பட்ட ஷெவர்லே டாஹோவை இங்கே எடுத்துக்கொள்கிறேன். அதில் 355 குதிரைத்திறன் கொண்ட 5.3 லிட்டர் வி8 பெட்ரோல் எஞ்சினும், 277 குதிரைத்திறன் கொண்ட 3.0 லிட்டர் டியூராமேக்ஸ் டர்போ டீசல் எஞ்சினும் கிடைத்தன. இரண்டுக்கும் 10 வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்தான்.

படி 1: எடையைக் கணக்கிடுங்கள்

விற்பனையாளர் சொல்லும் வெற்று எடையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். தண்ணீர், கேஸ் சிலிண்டர், பாத்திரம், படுக்கை எல்லாம் ஏறிய பிறகு டிரெய்லரின் எடை வேறாகிவிடும். 40 கேலன் தொட்டியை நிரப்பினால் தண்ணீர் மட்டுமே ஏறத்தாழ 334 பவுண்டு. ஆகவே டிரெய்லரின் பக்கவாட்டில் ஒட்டியுள்ள தகட்டில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச மொத்த எடையையே அடிப்படையாகக் கொள்ளுங்கள்.

அந்த எடை 6,000 பவுண்டு (சுமார் 2,720 கிலோ) என்று வைத்துக்கொள்வோம். அதில் 10 முதல் 15 சதவீதம் வரை டிரெய்லரின் முன்நுனி வழியாக உங்கள் வண்டியின் பின்புறத்தில் அழுத்த வேண்டும். அதற்குக் குறைந்தால் டிரெய்லர் சாலையில் வாலாட்டத் தொடங்கும். 13 சதவீதம் என்று கொண்டால் 780 பவுண்டு. டிரெய்லரை வண்டியோடு இணைக்கும் அமைப்பான ஹிட்ச்சில், எடையை முன் அச்சுக்கும் பகிர்ந்தளிக்கும் வகையைப் பொருத்தினால் அதன் எடை ஏறத்தாழ 100 பவுண்டு. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு 550, மூட்டை முடிச்சுகளுக்கு 200. ஆக மொத்தம் 1,630 பவுண்டு.

இப்போது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் டயர் மற்றும் சுமை விவர அட்டையைப் பாருங்கள். ஆட்களும் சரக்கும் சேர்ந்து தாண்டக் கூடாத எடை அதில் இருக்கும். உங்கள் வண்டியில் அது 1,600 பவுண்டு என்று அச்சிட்டிருந்தால், 8,000 பவுண்டுக்கு மேல் இழுக்கும் என்று விளம்பரப்படுத்தப்பட்ட வண்டி 6,000 பவுண்டு டிரெய்லரோடேயே வரம்பை மீறிவிட்டது என்று பொருள்.

படி 2: இழுவைத் திறன் எண்ணைச் சரியாகப் படியுங்கள்

டாஹோவின் பெட்ரோல் வி8 எஞ்சினுக்கு அறிவிக்கப்பட்ட அதிகபட்ச இழுவைத் திறன் 8,400 பவுண்டு. டீசலுக்குச் சுமார் 8,200. டீசல் என்றாலே அதிகம் இழுக்கும் என்று எண்ணியிருப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். டீசல் எஞ்சினும் அதன் புகை சுத்திகரிப்புச் சாதனங்களும் கனமானவை. அந்தக் கனமும் வண்டிக்கும் டிரெய்லருக்கும் சேர்த்து வகுக்கப்பட்ட மொத்த வரம்புக்குள்தான் அடங்க வேண்டும்.

இந்த எண்களைத் தீர்மானிக்கப் பயன்படும், வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்ஏஇ வகுத்த ஜே2807 என்ற விதிமுறை, அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகே தொடங்கும் நீண்ட மலையேற்றத்தை, 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில், ஏசியை முழு அளவில் ஓடவிட்டு ஏறிக் காட்ட வேண்டும் என்கிறது. கடுமையான சோதனைதான். ஆனால் அதில் வண்டிக்குள் இருப்பதாகக் கொள்ளப்படுவது ஆளுக்கு 150 பவுண்டு எடையுள்ள இருவர் மட்டுமே. குழந்தைகளும் குளிர்பெட்டியும் சைக்கிளும் ஏறிய வண்டிக்கு அந்த எண் ஏட்டுச் சுரைக்காய்தான்.

படி 3: இப்போது எஞ்சினைத் தேர்ந்தெடுங்கள்

குதிரைத்திறனைவிட, டார்க் (எஞ்சினின் சுழற்றும் விசை) எந்தச் சுழற்சி வேகத்தில் கிடைக்கிறது என்பதைக் கவனியுங்கள். டியூராமேக்ஸ் டீசல் 1,500 ஆர்பிஎம்மிலேயே (நிமிடத்துக்கு 1,500 சுழற்சி) 460 பவுண்டு-அடி டார்க்கைத் தந்துவிடுகிறது. பெட்ரோல் வி8 எஞ்சினோ 383 பவுண்டு-அடியைத் தர 4,100 ஆர்பிஎம் வரை போக வேண்டும். ஏற்றத்தில் இந்த வேறுபாடு காதிலேயே கேட்கும். பெட்ரோல் வண்டி இரண்டு மூன்று கியர் இறங்கி, முள் 4,000-ஐத் தாண்டி, கேபினுக்குள் பேச்சுக் குரலை உயர்த்த வைக்கும். டீசல் வண்டி அதே ஏற்றத்தை அதில் ஏறத்தாழ பாதிச் சுழற்சியில் ஏறிவிடும். புதியவர்கள் அந்த இரைச்சலைக் கேட்டு எஞ்சினுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அஞ்சுகிறார்கள். அஞ்ச வேண்டியதில்லை, அந்த எஞ்சின் அப்படித்தான் உழைக்கும்.

உயரம் கூடும்போதுதான் கணக்கு தலைகீழாகிறது. கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலை டில்லன் ஊரிலிருந்து ஐசன்ஹோவர் சுரங்கப்பாதையை நோக்கி ஏறும் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். சுரங்கம் இருக்கும் இடம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் சுமார் 70 சதவீதமே. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் கிடைக்கும் காற்றுக்கேற்பத்தான் எரிக்க முடியும் என்பதால், 355 குதிரைத்திறன் 250-ஐ ஒட்டி இறங்கிவிடும். டீசலின் டர்போ அந்த மெல்லிய காற்றையே அழுத்தி உள்ளே தள்ளுவதால் அதன் இழப்பு மிகக் குறைவு. டர்போ பெட்ரோல் எஞ்சினுக்கும் இதே நன்மை உண்டு.

எரிபொருளில் டீசலுக்கே ஆதாயம். டிரெய்லர் இல்லாமல், இருசக்கர இயக்க டாஹோவுக்கு நெடுஞ்சாலையில் அரசு மதிப்பீடு பெட்ரோலில் கேலனுக்கு 20 மைல், டீசலில் 28. உயரமான டிரெய்லரைப் பூட்டியதும் காற்றுத் தடையால் இரண்டுமே வெகுவாகச் சரியும். ஆனால் அமெரிக்காவில் டீசல் விலை பெரும்பாலும் சாதாரண பெட்ரோலைவிட அதிகம். யூரியாவும் தண்ணீரும் கலந்த டிஇஎஃப் திரவத்தைத் தனியே வாங்கி நிரப்ப வேண்டும். தினமும் பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் ஓடினால், புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி சூடாகித் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள வாய்ப்பில்லாமல் அடைத்துக்கொள்ளும்.

என் தீர்ப்பு இதுதான்: ஃப்ளோரிடாவிலோ டெக்சாஸ் சமவெளியிலோ இருந்துகொண்டு ஆண்டுக்கு ஓரிரு முறை ஏரிக்குப் படகு இழுத்துச் செல்பவர் டீசல் வாங்குவது யானையைக் கட்டித் தீனி போடுவதாகும். கொலராடோ, யூட்டா மலைகளில் கோடைதோறும் நெடும்பயணம் போகிறவர் டீசலைத் தயங்காமல் வாங்கலாம்.

படி 4: பூட்டுங்கள்

டிரெய்லரின் முன்நுனியில் ஹிட்ச் பந்தின் மேல் கவிழ்ந்து பிடிக்கும் கப்ளரில் குறித்துள்ள அளவும் வண்டியின் ஹிட்ச் பந்தின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். கப்ளரை இறக்கி, தாழிட்டு, பின்னைச் செருகியபின், டிரெய்லரின் ஜாக்கைச் சுற்றிச் சற்றே உயர்த்திப் பாருங்கள். வண்டியின் பின்புறமும் சேர்ந்து எழுந்தால் பிடி சரியாக விழுந்திருக்கிறது. பாதுகாப்புச் சங்கிலிகளைக் கப்ளருக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள். டிரெய்லர் கழன்றால் அதன் பிரேக்கைத் தானாகப் போடும் அவசரக் கம்பியைச் சங்கிலியில் மாட்டாமல் வண்டியிலேயே தனியாக மாட்டுங்கள். பிறகு ஏழு முனை மின்பிளக்கைச் செருகி, விளக்குகளை ஒருவர் பின்னால் நின்று பார்க்கட்டும்.

டிரெய்லரின் பிரேக்கை வண்டிக்குள்ளிருந்து இயக்கும் பிரேக் கட்டுப்பாட்டுக் கருவியைச் சமதளமான காலிச் சாலையில் மணிக்கு 25 மைல் வேகத்தில் சரிசெய்யுங்கள். டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் இயக்கி, சக்கரம் பூட்டிக்கொள்ளும் அளவுவரை கூட்டி, அதிலிருந்து சற்றுக் குறைத்து வையுங்கள்.

படி 5: ஏறி இறங்குங்கள்

கியர் மாறும் விதத்தைச் சுமைக்கேற்ப மாற்றும் இழுவைப் பயன்முறையை (டோ/ஹால் மோட்) இயக்கிவிட்டு ஏறுங்கள். இறக்கத்தில்தான் இரண்டு எஞ்சின்களின் குணமும் மாறுகிறது. பெட்ரோல் எஞ்சினில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் காற்று வழி மூடிக்கொள்வதால், எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். டீசல் எஞ்சின் காற்று வழியை அப்படி மூடி இயங்குவதில்லை என்பதால் அந்தப் பிடிப்பு இயல்பிலேயே குறைவு; புகைப்போக்கை அடைத்து எதிர்ப்பை உண்டாக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் வசதி உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள். எந்த எஞ்சினாக இருந்தாலும் இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். பிரேக்கை மெல்ல மிதித்தபடியே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். எனவே ஒருமுறை அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்து, காலை முழுவதும் எடுத்து ஆறவிடுங்கள்.

டிரெய்லர் வாலாட்டினால் வண்டியின் பிரேக்கை மிதிக்காமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி, ஆக்சிலரேட்டரைத் தளர்த்தி, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் இயக்குங்கள். வேகத்தைப் பொறுத்தவரை, கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வண்டிக்குச் சட்ட வரம்பே மணிக்கு 55 மைல்தான்.

படி 6: எரிபொருள் நிரப்பும்போது

டீசல் பம்பின் கைப்பிடி பெரும்பாலும் பச்சையாக இருக்கும் என்றாலும், சில நிறுவனங்களில் பெட்ரோலுக்கும் அதே நிறம் உண்டு. நிறத்தைப் பார்க்காமல் எழுத்தைப் படியுங்கள். பெட்ரோல் குழாயின் முனை சிறியது என்பதால், பல டீசல் வண்டிகளின் வாயில் அது எளிதாக நுழைந்துவிடும். தவறி நிரப்பிவிட்டால் சாவியைத் திருப்பவே வேண்டாம். டிரெய்லரைக் கழற்றிவிட்டு, பழுதான வண்டிகளை இழுத்துச் செல்லும் மீட்பு வண்டியை அழைத்து, பணிமனையில் தொட்டியை முழுவதும் வடித்த பிறகே எஞ்சினை இயக்க வேண்டும்.