கோலும் அடித்து அணியையும் நடத்துவது: ஆடும் பயிற்சியாளராக மாறும் ஸ்ட்ரைக்கருக்கு ஓர் ஆஸ்திரேலிய வழிகாட்டி

1997 மே 25 அன்று பிரிஸ்பேனின் லாங் பார்க் மைதானத்தில் 40,446 பேர் கூடியிருந்தார்கள். ஆஸ்திரேலியத் தேசிய கால்பந்து லீக்கின் இறுதி ஆட்டத்தில் பிரிஸ்பேன் ஸ்ட்ரைக்கர்ஸ் 2-0 என்று சிட்னி யுனைட்டெட்டை வென்றது. ஒரு கோல் ராட் பிரவுன் அடித்தது. மற்றதை அடித்த ஃபிராங்க் ஃபரினாதான் அந்த அணிக்குப் பயிற்சியாளரும். கிளப் ப்ரூஹ்ஹே அணிக்காக ஆடி, 1989-90 சீசனில் 24 கோல்களுடன் பெல்ஜிய லீக்கிலேயே அதிக கோல் அடித்தவர் அவர். 1999-ல் ஆஸ்திரேலியத் தேசிய அணிக்கே பயிற்சியாளரானார்.

இன்னொருவர் டேமியன் மோரி. தேசிய லீக்கில் 240 கோல்கள். 2004-ல் அந்த லீக் முடிவுக்கு வந்தபோதும் அதுதான் சாதனை. ஆஸ்திரேலியாவுக்காக 29 கோல்கள். 2014-ல் டிம் கேஹில் தாண்டும்வரை அதை யாரும் தொடவில்லை. அவரும் அடிலெய்ட் சிட்டியில் ஆடிக்கொண்டே பயிற்சி கொடுத்தவர்.

இவர்களைப் பார்த்து, கோல் அடிக்கத் தெரிந்தவனுக்கு அணியை நடத்தவும் வரும் என்று நம்பி, 33, 34 வயது ஸ்ட்ரைக்கரிடம் பொறுப்பைத் தூக்கிக் கொடுக்கும் கிளப்கள் ஆஸ்திரேலிய மாநில லீக்குகளில் நிறைய. பாதி சீசனுக்குள் அது குலைவதற்குத் திறமைக் குறைவு காரணமாக இருப்பது அரிது. தன்னைப் பற்றிய முடிவுகளையும் தானே எடுப்பதுதான் காரணம். இந்த வழிகாட்டியில் வரும் ஏற்பாடுகள் பெரும்பாலும் அந்த ஓட்டையை அடைப்பதற்கானவை.

கையெழுத்துப் போடுவதற்கு முன்

ஆட்டக்காரர் ஒப்பந்தம், பயிற்சியாளர் ஒப்பந்தம் இரண்டையும் தனித்தனித் தாளில் கேளுங்கள். ஒரே தாளில் இருந்தால், முழங்கால் போய் ஆறு மாதம் உட்கார நேரும்போது பயிற்சியாளர் சம்பளமும் வருமா என்ற வாக்குவாதம் கட்டாயம் வரும். பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து நீக்கினால் ஆட்டக்காரராகத் தொடரலாமா, வேறு கிளப்புக்குப் போக விடுவிப்பு உண்டா என்பதும் எழுத்தில் இருக்கவேண்டும்.

உங்கள் ஆட்டக்காரர் ஒப்பந்தத்தில் ஒரு கோலுக்கு இவ்வளவு என்ற ஊக்கத்தொகை இருந்தால் அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். பதிலாக அணி பெறும் புள்ளிகளுக்கு ஏற்பத் தொகை வைக்கலாம். 2-0 என்று முன்னிலையில் இருக்கும்போது 80-ஆவது நிமிடத்தில் நீங்கள் களத்தில் நீடித்தால், ‘காசுக்காக நிற்கிறார்’ என்று ஒரே ஒரு ஆள் நினைத்தாலும் போதும், அந்த ஓய்வறையை மறுபடி கைக்குள் கொண்டுவருவது கஷ்டம்.

பயிற்சியாளர் உரிமம் பற்றி: நாட்டின் கால்பந்து நிர்வாக அமைப்பான ஃபுட்பால் ஆஸ்திரேலியாவின் படிகள், கீழிருந்து மேலாக, சி, பி, ஏ, ப்ரோ. எந்தப் பிரிவுக்கு எந்த உரிமம் என்பதை மாநிலக் கூட்டமைப்பு விதிக்கிறது. ஆடுவதை நிறுத்திய பிறகு படிக்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். இந்தப் படிப்புகளில் ஒரு பகுதி, உங்கள் சொந்த அணியை வைத்துப் பயிற்சி நடத்திக் காட்டுவது. அணி கையில் இல்லாத ஆண்டில் அதை முடிப்பது சிரமம். 30 வயதில் சி, கிளப்பின் 16 வயதுக்குட்பட்டோர் அணியை வைத்து பி என்று போனால் நேரம் சரியாக இருக்கும். 18 வயதுக்குட்பட்டோருடன் வேலை செய்ய மாநில அரசின் குழந்தைப் பாதுகாப்புச் சோதனையும் தேவை. சீனியர் அணியில் 17 வயதுப் பையன்கள் ஆடுவது சகஜம் என்பதால் இதை மறந்துவிட்டு முதல் வாரத்தில் ஓடவேண்டாம். பதிவிலும் ஆட்டக்காரர், பயிற்சியாளர் என்று இரண்டும் தனித்தனியே ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

எந்த மட்டத்தில் இதைச் செய்வது என்பதற்கு நாட்காட்டியும் பதில் சொல்லும். மாநில லீக்குகள் ஏறத்தாழ பிப்ரவரி, மார்ச்சில் தொடங்கி செப்டம்பர்வரை போகும் குளிர்கால ஆட்டம். நாட்டின் உச்ச மட்டத் தொழில்முறை லீக்கான ஏ-லீக் கோடைக்கானது. மோரி அடிலெய்ட் சிட்டியைக் கவனித்துக்கொண்டே குறுகிய ஒப்பந்தங்களில் ஏ-லீக் அணிகளுக்கு ஆட முடிந்ததற்கு இந்த இடைவெளி பெரிதும் உதவியது. ஆனால் அணிக்கு ஆள் சேர்க்கும் மாதங்களும் அதே நவம்பர், டிசம்பர், ஜனவரிதான். கோடையில் வேறு இடத்தில் ஆடப்போகிறவர், பேச்சுவார்த்தைகளை நடத்த ஓர் ஆளை முன்கூட்டியே வைத்துவிட்டுப் போகவேண்டும்.

ஸ்ட்ரைக்கருக்கு ஏன் கூடுதல் சிரமம்

கோல்கீப்பருக்கும் நடுத் தடுப்பாட்டக்காரருக்கும் மொத்த ஆட்டமும் கண்முன்னே நடக்கும். ஸ்ட்ரைக்கருக்குச் சொந்த அணி முதுகுக்குப் பின்னால். எதிரணி தாக்கும்போது உங்கள் தடுப்பு வரிசை 40, 50 மீட்டர் தள்ளி நிற்கிறது. இடது பக்கத் தடுப்பாட்டக்காரர் எத்தனை முறை தனியாக மாட்டினார் என்பது உங்களுக்குத் தெரியாது. மோரி ஒரு முறை ஆட்டம் தொடங்கிய 3.69 விநாடியில் கோல் அடித்தவர். எதிரணியின் கோலையே குறியாகப் பார்க்கும் அந்தக் கண்தான் ஸ்ட்ரைக்கரின் சொத்து. பயிற்சியாளருக்கோ எதிர்த்திசையிலும் கண் வேண்டும்.

அதனால் உதவிப் பயிற்சியாளராக முன்னாள் தடுப்பாட்டக்காரர் அல்லது கோல்கீப்பர் ஒருவரைத் தேடுங்கள். இன்னொரு ஸ்ட்ரைக்கர் வேண்டாம், எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும். இந்த நியமனத்தில் கிளப் கஞ்சத்தனம் காட்டினால் பொறுப்பையே ஏற்காதீர்கள். மற்ற எல்லாவற்றிலும் விட்டுக்கொடுக்கலாம்.

சீசனுக்கு முன்பே அவரிடம் எழுதிக் கொடுக்கவேண்டிய அதிகாரம் ஒன்று உண்டு: உங்களை வெளியே எடுப்பது அவர் முடிவு, மறுபேச்சு கிடையாது. அடையாளங்களையும் சேர்த்து எழுதுங்கள். பந்தை இழந்ததும் துரத்தாமல் இரண்டு முறை தொடர்ந்து நின்றுவிட்டால், தொடைப் பின்தசையைத் தடவினால், மஞ்சள் அட்டைக்குப் பிறகும் நடுவரிடம் வாதிட்டால், 65-ஆவது நிமிடத்தில் அணி பின்தங்கி நீங்கள் சோர்ந்திருந்தால் எடுத்துவிட வேண்டும். மாற்றுப் பலகையில் உங்கள் எண்ணைக் காட்டியதும் ஓடி வெளியே வாருங்கள். அணி அதைப் பார்க்கும்.

விதிகளில் பலர் சறுக்கும் இடங்கள் இவை. தொழில்நுட்பப் பகுதியில், அதாவது பெஞ்சையும் அதன் முன்னால் பயிற்சியாளர் நிற்கும் இடத்தையும் சேர்த்த பகுதியில், இருக்கும் பயிற்சிக் குழுவினர் சிறிய கையடக்கக் கருவியில் பேசிக்கொள்ளலாம். ஆட்டக்காரர்கள் கூடாது; பெஞ்சில் மாற்று வீரராகப் பெயர் கொடுத்தவருக்கும், மாற்றி எடுக்கப்பட்டவருக்கும் அதே தடைதான். ஆகவே நீங்கள் பெஞ்சில் இருந்தாலும் அரங்கின் மேலிருந்து வரும் தகவலை உதவிப் பயிற்சியாளரே வாங்கவேண்டும். ஆட்டக்காரராகச் சிவப்பு அட்டை வாங்கினால் தொழில்நுட்பப் பகுதியைவிட்டும் போயாக வேண்டும். அணி ஒரே நொடியில் ஸ்ட்ரைக்கரையும் பயிற்சியாளரையும் இழக்கிறது. பெஞ்சில் யாரோ தவறு செய்து நடுவருக்கு ஆளை அடையாளம் காண முடியாவிட்டால், அங்கே இருக்கும் மூத்த பயிற்சியாளருக்கே அட்டை. நீங்கள் களத்தில் இருக்கும்போது அது உங்கள் உதவியாளர் தலையில் விழும். அவரிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

அணித்தலைவர் பட்டையை வேறு ஒருவருக்குக் கொடுங்கள். நடுக்களத்திலோ தடுப்பிலோ இருப்பவராக இருந்தால் நல்லது. பெனால்டி யார் அடிப்பது என்பதை ஆட்டத்தாளில் முதலாமவர், இரண்டாமவர் என்று எழுதி ஓய்வறைச் சுவரில் ஒட்டுங்கள்.

வாரம் எப்படி ஓடும்

சனிக்கிழமை ஆட்டம், செவ்வாய், வியாழன் மாலைப் பயிற்சி, முடிந்தால் திங்கள் லேசாக. வேலைக்குப் போய்விட்டு வரும் ஆட்டக்காரர்கள் என்பதால் 90 நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள்.

செவ்வாய்க்கிழமைக்கு ஓர் அமைப்பு: ‘ஃபிஃபா 11+’ என்ற காயத்தடுப்புப் பயிற்சித் தொகுப்போடு உடல்சூடேற்றல் 20 நிமிடம், பாஸ் பயிற்சி 15, இடம் பிடிக்கும் ஆட்டம் 15, அந்த வாரச் சிக்கலை எடுத்துக்கொள்ளும் ஆட்டப் பயிற்சி 25, கடைசியில் இரு பக்கமாகப் பிரிந்து ஆடுவது 15. உடல்சூடேற்றலுக்குப் பின் வரும் இந்த நான்கு கட்டப் பிரிவு ஆஸ்திரேலியத் தேசியக் கால்பந்துப் பாடத்திட்டத்தில் இருப்பதுதான். உடல்சூடேற்றல், பாஸ், இடம் பிடிப்பது, கடைசி ஆட்டம் இவற்றில் நீங்களும் ஆடுங்கள். ஆட்டப் பயிற்சி நடக்கும் 25 நிமிடம் மட்டும் கண்டிப்பாக வெளியே நில்லுங்கள். உள்ளே இருந்தபடி நிறுத்தித் திருத்தினால் திருத்தம் எப்போதும் உங்களுக்கு வரவேண்டிய பந்தைப் பற்றியதாகவே இருக்கும், நீங்கள் அறியாமலே. உங்கள் இடத்தில் இளைய ஸ்ட்ரைக்கரை நிறுத்துங்கள். உங்களுக்குப் பின் வரப்போகிறவர் இந்த 25 நிமிடங்களில்தான் உருவாகிறார்.

வியாழன் அன்று நிலைப்பந்துகள் (கார்னர், ஃப்ரீ கிக் போன்றவை) 20 நிமிடம். தடுப்பு நிலைப்பந்துகளை உதவிப் பயிற்சியாளர் நடத்த, நீங்கள் சொன்ன இடத்தில் போய் நிற்கும் ஆட்டக்காரராக மட்டும் இருங்கள்.

ஞாயிறு காலை முழு ஆட்டத்தையும் பார்க்கவேண்டும். கேமரா நடுக்கோட்டுக்கு நேராக, முடிந்த அளவு உயரத்தில், பந்தைத் துரத்தாமல் பத்துப் பேரும் தெரியும் அகலத்தில் இருக்கட்டும். முதல் முறை பார்க்கும்போது உங்களைப் பார்க்காதீர்கள், பந்து இல்லாதபோது தடுப்பு வரிசையை மட்டும் பாருங்கள். உங்கள் சொந்த ஆட்டத்தை மதிப்பிடுவதை உதவியாளரிடம் விட்டுவிடுங்கள். செவ்வாய் கூட்டத்தில் காட்டும் துண்டுகளில் உங்கள் தவறு ஒன்றாவது இருக்கட்டும், அதைத் தேர்ந்தெடுப்பதும் அவரே.

உடம்பு

இந்த வயதில் ஸ்ட்ரைக்கரை வீட்டுக்கு அனுப்புவது பெரும்பாலும் ஹாம்ஸ்ட்ரிங் என்ற தொடைப் பின்தசை, அடுத்து கெண்டைக்கால். பயிற்சியாளராகும்போது நிலைமை மோசமாகிறது. கூம்புகளை வைத்து, பேசி, நின்று, உடல் குளிர்ந்த பிறகு திடீரென்று பாய்கிறீர்கள். வெளியே நின்றுவிட்டு உள்ளே போகும்போதெல்லாம் மூன்று நிமிடமாவது தனியே ஓடிச் சூடேறிவிட்டுத்தான் போகவேண்டும். பயிற்சி சாமான்களை அடுக்கும் வேலையை வேறொருவரிடம் கொடுங்கள்.

ஹாம்ஸ்ட்ரிங்கைக் காக்க, சீசனுக்கு முந்தைய மாதங்களில் நார்டிக் பயிற்சி செய்யுங்கள். மண்டியிட்டு, கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடம்பை நேராக வைத்து முன்பக்கம் மெதுவாகச் சாய்வது. முதல் வாரம் ஒரு நாள், 5 தடவை வீதம் 2 சுற்று. இரண்டாம் வாரம் இரண்டு நாள், 6 வீதம் 2 சுற்று. மூன்றாம் வாரம் மூன்று நாள், 6 முதல் 8 வீதம் 3 சுற்று. நான்காம் வாரம் 8 முதல் 10. ஐந்திலிருந்து பத்தாம் வாரம்வரை 12, 10, 8 என்று மூன்று சுற்று. சீசன் தொடங்கியதும் வாரம் ஒரு நாள் போதும். முதல் வாரத்திலேயே 3 சுற்று செய்தால் நான்கு நாள் உட்கார்ந்து எழ முடியாது; பலர் இதைக் கைவிடுவது அதனால்தான். ஆட்டத்துக்கு முந்தைய நாளில் செய்யக்கூடாது.

வாரத்தில் ஒரு நாளாவது முழு வேகத்துக்கு அருகில் நாலைந்து ஓட்டம் தேவை. செவ்வாய் நல்ல நாள். ‘சனிக்கிழமைக்குக் காலைக் காப்பாற்றிக்கொள்கிறேன்’ என்று வாரம் முழுவதும் பாதி வேகத்தில் ஓடினால், முழு வேகம் முதல் முறையாக வருவது ஆட்டத்தில், எதிரணித் தடுப்பாட்டக்காரர் இழுக்கும்போது. கிழிவது அப்போதுதான்.

ஆட்ட நாள்

யார் ஆடுகிறார்கள் என்பதை வியாழன் இரவே முடித்து, இடம் கிடைக்காதவர்களிடம் நேரில் சொல்லுங்கள். உங்கள் இடத்துக்குப் போட்டி போடும் ஸ்ட்ரைக்கரிடம் மட்டும் உதவிப் பயிற்சியாளரும் கூட இருந்து காரணத்தைச் சொல்லவேண்டும். அந்த முடிவு உங்கள் ஒருவருடையது அல்ல என்று அவருக்குத் தெரியவேண்டும். மைதானத்துக்கு வந்த பிறகு நீங்கள் ஆட்டக்காரர். உடல்சூடேற்றலை உதவியாளர் நடத்தட்டும், அணித்தாளை மேலாளர் கொடுக்கட்டும்.

களத்துக்குள் கத்திக்கொண்டே இருக்காதீர்கள். பந்து ஓடும்போது குரல் கோல்கீப்பருடையது, தடுப்பின் நடுவில் இருப்பவருடையது. நீங்கள் பேசவேண்டியது பந்து நின்றபோது, அதுவும் அணித்தலைவரிடம், ஒரே ஒரு செய்தி. பந்து வராத எரிச்சலில் கைகளை விரித்துக் காட்டும் ஸ்ட்ரைக்கர் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். ஆட்டக்காரர் செய்தால் அது எரிச்சல், பயிற்சியாளர் செய்தால் பகிரங்கக் கண்டிப்பு.

இடைவேளை அதிகபட்சம் 15 நிமிடம். நடந்து வரவும் திரும்பவும் போக, பேசக் கிடைப்பது எட்டு, ஒன்பது. முதல் மூன்று நிமிடம் யாரும் பேசவேண்டாம். நீங்களும் தண்ணீர் குடித்து மூச்சு வாங்கவேண்டும். பிறகு வெளியிலிருந்து பார்த்த உதவியாளர் பேசட்டும், இரண்டே விஷயம். கடைசி ஒரு நிமிடம் உங்களுடையது. உங்கள் நாடித்துடிப்பு இறங்குவதற்கு முன் பேசிய பேச்சுகளில் பெரும்பாலானவை திங்கட்கிழமை மன்னிப்புக் கேட்கவேண்டியவை.

ஆடுவதை எப்போது நிறுத்துவது

முதல் சீசனில் தொடக்கப் பதினொருவரில் ஆடலாம். இரண்டாவதில் 60 நிமிடம் அல்லது பெஞ்சிலிருந்து கடைசி 25. மூன்றாவதில் பெயர் பட்டியலில் மட்டும், காயம் நெருக்கினால் இறங்க. இப்படிப் படிப்படியாகக் குறைப்பதை முதல் நாளே கிளப்பிடம் சொல்லிவிட்டால், ஒவ்வோர் ஆண்டும் புது ஸ்ட்ரைக்கருக்கான பணத்தை ஒதுக்க அவர்களுக்கு வழி இருக்கும். இதைச் சொல்லாமல் விட்டால், 37 வயதில் நீங்கள் விலகும் ஆண்டில் கோல் அடிக்க ஆளும் இருக்காது, வாங்கப் பணமும் இருக்காது.

மோரியைப் பற்றிப் பேசுகிறவர்கள் கோல்களோடு நிறுத்திவிடுகிறார்கள். 2014-ல் மாநில லீக் கிளப்களும் ஏ-லீக் கிளப்களும் மோதும் எஃப்எஃப்ஏ கோப்பை முதல் முறையாக நடந்தபோது, அவர் பயிற்சியளித்த அடிலெய்ட் சிட்டி, ஏ-லீக் அணியான வெஸ்டர்ன் சிட்னி வாண்டரர்ஸை 1-0 என்று வெளியேற்றியது. அதே வாண்டரர்ஸ் அந்த ஆண்டு நவம்பரில் ஆசிய சாம்பியன்ஸ் லீக்கை வென்றது. அடிலெய்டில் அன்று கோல் அடித்தவர் தாமஸ் லவ். மோரி கோட்டுக்கு வெளியே நின்றார்.