நாட்டுப்பாட்டை வீட்டிலேயே பதிவு செய்ய

சேலத்தில் அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி பக்கம் வீடு என்றால் தறிச் சத்தம் பாட்டுக்குள் வந்துவிடும், அதை அப்புறம் கணினியில் அழிக்கப் போனால் குரலின் உயிரும் சேர்ந்தே போகும், அதனால் தறி நின்ற நேரமாகப் பார்த்துப் பதியுங்கள். பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் கனமான போர்வை தொங்கட்டும், எதிரொலி குறையும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில். உச்சத்தில் பாடும் இடத்திலும், பதிவுக் கருவி காட்டும் ஒலி அளவு -12 டெசிபலை ஒட்டியே நிற்கட்டும். ஒலியைச் சுருக்காமல் வைக்கும் 24 பிட் வேவ் (WAV) கோப்பாகச் சேமியுங்கள், சுருக்கிய எம்பி3 வாட்ஸ்அப்பில் அனுப்ப மட்டும் போதும். பாட்டி பாடும் நடவுப் பாட்டோ ஒப்பாரியோ என்றால், எந்த ஊர்ப் பாட்டு, யாரிடம் கற்றது என்று முதலில் அவர் குரலிலேயே சொல்ல வையுங்கள், எனக்கு இதுதான் மிக முக்கியம். சொந்த மெட்டு தோன்றினால் உடனே முணுமுணுத்து, தேதியும் சொல்லிப் பதிந்துவிடுங்கள்.