மலையில் கிலோமீட்டரை நம்பாதீர்கள்

காலணி, தண்ணீர், மழைக்கோட்டு பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அவற்றை விட்டுவிடலாம். மலைக் கிராமங்களையும் அங்கே நடக்கும் கைவேலைகளையும் பார்க்கக் கிளம்பும் புதியவர்கள், முன்னால் போனவர்கள் இடறிய அதே இடங்களில்தான் இடறுகிறார்கள். அதில் ஒன்று இன்றும் எரிச்சலூட்டுகிறது.

தூரத்தை வைத்து நாளைத் திட்டமிடுவது

கைப்பேசி வரைபடம் கிராமம் 8 கிலோமீட்டர் என்று காட்டும். "ரெண்டு மணி நேரத்துல போயிடலாம்" என்று காலை பத்து மணிக்குக் கிளம்புவார்கள். அந்த வழியில் 900 மீட்டர் ஏற்றம் இருப்பதை யாரும் பார்ப்பதில்லை.

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு எளிது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னும் ஒரு மணி நேரம். அப்படிப் பார்த்தால் இந்த வழிக்கு 96 நிமிடமும் 90 நிமிடமும் சேர்ந்து மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். அதுவும் நல்ல பாதையில், நடந்து பழகியவர் நிற்காமல் நடந்தால். புதியவர் இன்னொரு பாதி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆக, போய்ச் சேரும்போது மணி இரண்டரை தாண்டியிருக்கும்.

கிராமத்துக்குள் நுழைந்த கையோடு திரும்ப வேண்டிய நேரம் அது. ஆனால் யாரும் திரும்புவதில்லை. நெசவைப் பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், நாலு மணிக்கு இறங்கத் தொடங்குவார்கள். மேற்கே உயரமான முகடு இருந்தால், சூரியன் மறையும் நேரத்துக்கு வெகு முன்பே பள்ளத்தாக்கில் நிழல் விழுந்துவிடும். ஈரக்கல் தெரியாது, கிளைப்பாதை தெரியாது. இறக்கம்தானே என்ற தைரியமும் உதவாது. செங்குத்தான இறக்கத்தில், களைத்த காலோடு, ஏறிய வேகத்தில்கூட இறங்க முடியாமல் போகும்.

இதற்குள்ளேயே இன்னொரு பிழையும் உண்டு. புறப்படும் இடத்தின் உயரத்தைக் கிராமத்தின் உயரத்திலிருந்து கழித்து, அதுதான் ஏற்றம் என்று நினைப்பது. நடுவே ஒரு பள்ளத்தாக்கில் 200 மீட்டர் இறங்கினால் அதைத் திரும்ப ஏறியாக வேண்டும். வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகளை எண்ணுங்கள். கோட்டுக்குக் கோடு 20 மீட்டர் உயர இடைவெளியுள்ள வரைபடத்தில் பொதுவாக ஐந்தாவது கோடு தடித்திருக்கும். ஒரு தடித்த கோட்டிலிருந்து அடுத்ததற்கு 100 மீட்டர். பாதை மேலேறும் இடங்களை மட்டும் கூட்டினால் உண்மையான ஏற்றம் கிடைக்கும்.

ஊர்க்காரரிடம் "எவ்வளவு தூரம்?" என்று கேட்காதீர்கள், "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேளுங்கள். அவர் சொல்வது தினமும் ஏறி இறங்கும் காலின் கணக்கு. அதை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

திரும்பும் நேரத்தைக் கிளம்பும் முன்பே முடிவு செய்து ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். கடிகாரம் இல்லாவிட்டால் கையை நேராக நீட்டி, சூரியனுக்கும் முகட்டுக்கும் நடுவே விரல்களைப் படுக்கையாக வைத்துப் பாருங்கள். சூரியன் முகட்டுக்குப் பின்னால் மறைய ஒரு விரலுக்குச் சுமார் 15 நிமிடம். சூரியனை நேராக உற்றுப் பார்க்க வேண்டாம்.

கைவினைஞரை அவசரப்படுத்துவது

நேரம் தப்பினால் இதுவும் கூடவே வரும். தறியில் பாவு (நெடுக்கு நூல்) பூட்டுவதோ கூடையின் அடி முடைவதோ நடுவில் நிறுத்தக்கூடிய வேலை இல்லை. கை ஓயும்வரை காத்திருந்து பிறகு கேளுங்கள்.

பச்சை மரத்தில் செய்த கிண்ணம்

புதிதாகக் கடைந்த கிண்ணம் எப்போது வெட்டிய மரம் என்று விசாரியுங்கள். கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருந்தாலோ, அளவுக்கு மீறிக் கனத்தாலோ ஈரம் போகவில்லை. வீட்டு அறையில் வைத்ததும் வெளிப்புறம் முதலில் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் நிற்கும், அந்த இழுப்பில் வெடிக்கும். மரத்தண்டின் நடுமையம் (வளையங்கள் தொடங்கும் புள்ளி) கிண்ணத்தில் தெரிந்தால் வாங்காமல் விடுவதே நல்லது. வாங்கிவிட்டால் பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள், பூசணம் பிடிக்கும். காகிதப் பையில் மரச்சீவலோடு வைத்து நிழலில் வையுங்கள். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது.

குறுக்குவழி

வேண்டாம்.

ஓடை

நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மேலே மழை பெய்திருக்கலாம். தண்ணீர் திடீரென்று கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் இறங்காதீர்கள். பனியாறு உருகி வரும் ஓடை என்றால் அதிகாலையில் கடந்துவிடுங்கள். பிற்பகலில் அதே இடத்தில் ஆழம் கூடியிருக்கும்.