ராக் பாட்டுக்குப் பொருள் சொல்லும்போது எங்கே சறுக்குகிறது?

பொருள் தேடுவதற்கு முன்னால் வரி சரிதானா என்று பார்க்க வேண்டும். பலரும் இந்த முதல் படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். ஜிமி ஹென்ட்ரிக்ஸின் ‘பர்ப்பிள் ஹேஸ்’ (1967) பாட்டில் ‘கிஸ் த ஸ்கை’ என்று வரும்; வானத்தை முத்தமிடுவது. பலர் காதில் அது ‘கிஸ் திஸ் கை’ என்று விழுந்தது. இந்த ஆளை முத்தமிடுவது. நடுவில் நிற்கும் ஒரு ‘ஸ்’ முன்சொல்லோடு ஒட்டுகிறதா, பின்சொல்லோடு ஒட்டுகிறதா என்பதுதான் மொத்த வித்தியாசம். கிதாரும் டிரம்ஸும் குரலை அமுக்கும் பாட்டில் இது அடிக்கடி நடக்கும்.

இசைத்தட்டின் உறையில் வரிகள் அச்சாகியிருந்தால் அதை முதலில் எடுங்கள். இல்லையென்றால் அதே பாட்டின் இரண்டு மூன்று மேடைப் பதிவுகளை ஹெட்போனில் கேளுங்கள்; சந்தேகமான இடத்தை மட்டும் 0.75 வேகத்தில் ஓட்டுங்கள். பாடல் வரிகள் போடும் இணையத்தளங்கள் பலவும் ஒன்றைப் பார்த்து ஒன்று நகலெடுத்தவை. ஐந்து தளங்களில் ஒரே வரி இருப்பதை ஐந்து சாட்சிகளாக எண்ணக்கூடாது.

வரி உறுதியான பிறகு வருவதுதான் பெரிய தவறு: ஒரு சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, அது பொருந்தும் வரியை மட்டும் பார்ப்பது. ஈகிள்ஸ் குழுவின் ‘ஹோட்டல் கலிபோர்னியா’ (1976) இதற்குப் பலியான அளவுக்கு வேறு பாட்டு ஆகியிருக்குமா என்பது சந்தேகம். போதைப் பாட்டு, மனநல மருத்துவமனைப் பாட்டு, சாத்தான் வழிபாட்டுப் பாட்டு என்று ஆளுக்கொரு தீர்ப்பு.

தொடக்கத்தில் ‘கோலிட்டாஸ்’ என்ற ஸ்பானியச் சொல் வருகிறது. நேர்ப்பொருள் ‘சின்ன வால்கள்’. கொச்சையில் கஞ்சா மொட்டு. சரி, பாலைவனச் சாலையில் கஞ்சா வாசனை வருகிறது. ஆனால் அது அந்தக் காட்சியின் வாசனை. முழுப் பாட்டுக்கும் அதையே சாவியாக்கினால் கண்ணாடி பதித்த கூரையும் விருந்தும் கதவை நோக்கிய ஓட்டமும் வெளியே நின்றுவிடும். எந்த விளக்கத்தையும் சோதிக்க எளிய வழி உண்டு. வரிகளை ஒரு தாளில் எழுதி, உங்கள் விளக்கம் தொடாத வரிகளுக்கெல்லாம் அடிக்கோடு போடுங்கள். பாதிக்கு மேல் கோடு விழுந்தால் விளக்கத்தைக் கைவிடலாம்.

அதே தாளின் ஓரத்தில் ஒவ்வொரு வரியையும் யார் சொல்கிறார் என்று குறியுங்கள். இந்தப் பாட்டில் ஹோட்டலுக்கு வரும் பயணி பேசுகிறான், பணியாள் தலைவன் பேசுகிறான், வாசலில் நிற்கும் பெண் பேசுகிறாள், கடைசியில் இரவுக் காவலன் பேசுகிறான். நாமெல்லாரும் நாமே போட்டுக்கொண்ட சிறையில் இருக்கிறோம் என்பது அவள் வாக்கு. இது சொர்க்கமா நரகமா என்ற தடுமாற்றம் பயணியுடையது, அதுவும் வாசலில் நிற்கும்போதே. எல்லாவற்றையும் பாடகர் டான் ஹென்லியின் சொந்த வாக்குமூலமாகப் படித்தால் இந்த நாடகமே காணாமல் போகும்.

பயணி ஒயின் கேட்கிறான். 1969-க்குப் பிறகு அந்த ‘ஸ்பிரிட்’ இங்கே இல்லை என்று பதில் வருகிறது. ஒயின் புளிக்க வைத்து எடுப்பது, வடித்தெடுக்கும் ஸ்பிரிட் வகையில் சேராது, ஆகவே எழுதியவர் பிழை செய்துவிட்டார் என்று வாதிட்டவர்கள் உண்டு. காளமேகத்தின் பாம்பு–எள் பாட்டைப் படித்த நமக்கு இங்கே சிலேடை இருப்பது உடனே தெரிய வேண்டும்: மதுவும் ஸ்பிரிட்தான், ஒரு தலைமுறையின் வேகமும் ஸ்பிரிட்தான். தமிழில் ‘சரக்கு’ என்று பெயர்த்தாலும் ‘உத்வேகம்’ என்று பெயர்த்தாலும் பாதி போய்விடும். ஆண்டைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. 1969 ஆகஸ்டில் வுட்ஸ்டாக் இசைவிழா நடந்தது, டிசம்பரில் ஆல்டமான்ட் கச்சேரியில் கொலை விழுந்தது. ஓர் ஆண்டுக்குள் எதைத் தேடினாலும் கிடைக்கும். பொருத்தம் கிடைத்ததே ஆதாரம் ஆகிவிடாது.

அடுத்தது பல்லவியை மட்டும் கேட்பது. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.’ (1984) பல்லவி தேசபக்தி முழக்கம் போல ஒலிக்கும். சரணங்களில் இருப்பவன் வியட்நாமுக்கு அனுப்பப்பட்டுத் திரும்பியவன்: ஆலையில் வேலை இல்லை, கே சானில் சண்டையிட்ட சகோதரன் உயிரோடு இல்லை, போக்கிடம் இல்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் நியூ ஜெர்சியில் தேர்தல் பிரசாரம் செய்த அதிபர் ரீகன், ஸ்பிரிங்ஸ்டீன் பாட்டுகளில் நம்பிக்கைச் செய்தி இருப்பதாகப் பேசினார். 1982-இல் ஸ்பிரிங்ஸ்டீன் தனியாக கிதாரோடு பதிவுசெய்த இதே பாட்டு 1998-இல் வெளிவந்தது. முழக்கம் இல்லாத அந்தப் பதிவைக் கேட்டால் சரணங்களின் இருட்டு நேரடியாக வந்து சேரும். மெட்டும் சொல்லும் எதிரெதிராக இழுக்கும் பாட்டுகளில் வேறு பதிவைத் தேடிக் கேட்பது நல்ல பழக்கம்.

சொல் பிறந்த ஊரைப் பார்க்காமல் விடுவதும் கெடுக்கும். ‘ஹெல்டர் ஸ்கெல்டர்’ என்பது பிரிட்டிஷ் திருவிழாத் திடல்களில், கோபுரத்தைச் சுற்றிச் சுழன்று இறங்கும் சறுக்குமரம். பாய் ஒன்றில் உட்கார்ந்து வழுக்கி வருவார்கள். பீட்டில்ஸ் 1968-இல் பாடியது அதைத்தான்: உச்சி, இறக்கம், மறுபடி உச்சி. கலிபோர்னியாவில் இருந்த சார்லஸ் மேன்சன் அதை வரப்போகும் இனப்போரின் அறிவிப்பாக எடுத்துக்கொண்டான். 1969 ஆகஸ்டில் அவன் கூட்டம் கொலைகள் செய்தது. எந்த நாட்டுப் பேச்சு, எந்த ஆண்டு என்று குறித்துக்கொண்டு, அந்த வட்டாரத்தின் கொச்சை அகராதியைப் புரட்டுவது கட்டாயம்.

எழுதியவர் சொன்னால் முடிந்தது என்று நினைப்பதும் பாதிதான் சரி. பீட்டில்ஸின் ‘லூசி இன் தி ஸ்கை வித் டைமண்ட்ஸ்’ (1967) தலைப்பின் முதலெழுத்துகள் எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருளின் பெயராக வருவது தற்செயல் என்றும், மகன் ஜூலியன் வகுப்புத் தோழி லூசியை வரைந்த படமே பாட்டுக்கு விதை என்றும் ஜான் லெனன் சொல்லிவந்தார். அதே குழுவின் பால் மெக்கார்ட்னியோ 2004-இல், அதில் போதையின் சாயல் வெளிப்படையானது என்ற பொருளில் பேசினார். இரண்டையும் சேர்த்து வைக்கலாம்: தலைப்பு எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி, பாட்டு எந்த உலகைக் காட்டுகிறது என்பது வேறு கேள்வி. பேட்டியை மேற்கோள் காட்டினால் ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள்.

தமிழில் பொருள் எழுதும்போது நமக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. ஆங்கில ‘யூ’ ஒருவரையும் குறிக்கும், ஊரையும் குறிக்கும், பாடுபவனே தனக்குச் சொல்லிக்கொள்வதாகவும் இருக்கும். நாம் ‘நீ’ என்று எழுதிய நொடியில் அது காதலியாகிவிடுகிறது, ‘நீங்கள்’ என்றால் கூட்டமாகிவிடுகிறது. யாரைப் பார்த்துப் பேசுகிறது என்று கடைசிச் சரணம் வரை பார்த்து முடிவுசெய்யும் மட்டும், குறிப்பில் ‘யூ’ என்றே விட்டுவையுங்கள்.