பழைய விசிஆரைப் புதிய டிவியுடன் இணைக்கும் முறை

அலமாரியில் திருமணக் கேசட்டுகளும், அவற்றை ஓட்டிக்காட்ட விசிஆரும் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டு விசிஆரைத் தட்டைத்திரை டிவியுடன் இணைத்தபோது, டிவியின் பின்புறம் வீடியோ கேபிளைச் செருகும் மஞ்சள் துளை இல்லாததுதான் நெடுநேரம் தடையாக இருந்தது. ஆகவே அந்தக் கட்டத்தையே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் கேசட்டின் கண்ணாடிச் சாளரத்தைப் பாருங்கள். நாடாவில் வெண்பூஞ்சை தெரிந்தால் அதை உள்ளே போடவே போடாதீர்கள். அது நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்தடுத்த கேசட்டுகளுக்கும் பரவும்.

விசிஆரின் வீடியோ அவுட் துளையில் ஏவி கேபிளின் (படத்தையும் ஒலியையும் கடத்தும் கேபிள்) மஞ்சள் முனையையும் ஆடியோ அவுட் துளைகளில் வெள்ளை, சிவப்பு முனைகளையும் செருகுங்கள். ஆடியோ துளை ஒன்றே இருந்தால் வெள்ளை மட்டும் போதும். ஆன்டெனா கேபிள் வழியாகவும் படம் வரும் என்றாலும், அதில் தெளிவு குறைவு என்பதால் ஏவி கேபிளையே நான் பரிந்துரைப்பேன்.

இனி டிவியின் பக்கம். பல டிவிகளில் காம்பொனன்ட் இணைப்புக்கான (படத்தை மூன்று கேபிள்களில் பிரித்து அனுப்பும் முறை) பச்சைத் துளையே மஞ்சள் முனைக்கும் பொதுவானது. துளையின் அருகே 'வீடியோ' அல்லது 'ஏவி' என்று அச்சிட்டிருக்கும். வேறு சில டிவிகளில் 3.5 மி.மீ. அளவுள்ள ஒற்றைத் துளைதான் இருக்கும். அதற்கு நான்கு தொடுமுனைகள் கொண்ட பின் உள்ள கேபிள் வேண்டும். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும், இந்தக் கேபிள்களில் வீடியோ, ஆடியோ, கிரவுண்ட் (இவற்றுக்குப் பொதுவான இணைப்பு) ஆகியவை அமையும் வரிசை எல்லாவற்றிலும் ஒன்றாக இருப்பதில்லை. படம் வராவிட்டால் மஞ்சளுக்குப் பதிலாகச் சிவப்பையும், பிறகு வெள்ளையையும் வீடியோ இணைப்பில் மாற்றிப் பாருங்கள். மூன்றிலும் படம் வராமல் இரைச்சல் மட்டும் கேட்டால் கிரவுண்டின் இடம் மாறியிருக்கக்கூடும். அந்தக் கேபிள் உங்கள் டிவிக்குப் பொருந்தாது. டிவியின் மாடல் எண்ணைச் சொல்லி அதற்குரிய கேபிளைக் கேட்டு வாங்குங்கள்.

ஏவி துளையே இல்லாத டிவிக்கும் மானிட்டருக்கும் ஏவியை எச்டிஎம்ஐ ஆக மாற்றும் கன்வெர்ட்டர் தேவை. எச்டிஎம்ஐயை ஏவியாக மாற்றும் கருவியும் அதே தோற்றத்தில் விற்கப்படுவதால், பெட்டியில் உள்ள திசையைப் படித்துவிட்டு வாங்குங்கள். கன்வெர்ட்டருக்கு யூஎஸ்பி வழியே 5 வோல்ட் மின்சாரமும் கொடுக்க வேண்டும். டிவியில் ஏவி துளை இருப்பவர்கள் இதை வாங்க வேண்டாம். தேய்ந்த நாடாவின் நடுங்கும் சிக்னலில் மலிவான கன்வெர்ட்டர்கள் படத்தை அடிக்கடி இழந்துவிடுகின்றன.

கேசட்டை ஓடவிட்டு, ரிமோட்டில் சோர்ஸை அழுத்தி ஏவியைத் தேர்ந்தெடுங்கள். முகங்கள் அகன்று தெரிந்தால் பட அளவை 4:3 என மாற்றுங்கள்.

பின்சேர்க்கை: படம் கறுப்பு வெள்ளையாக வருவதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். பச்சைத் துளையைப் பயன்படுத்துவோர், சோர்ஸில் காம்பொனன்ட் தேர்வாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏவிக்கு மாற்றியதும் வண்ணம் வந்துவிடும். அமெரிக்காவிலோ கனடாவிலோ உள்ள உறவினர்கள் அனுப்பிய கேசட்டாக இருந்தால் காரணம் வேறு. அவை 525 வரிகள் கொண்ட என்டிஎஸ்சி முறையில் பதிவானவை. இந்தியாவிலும் இலங்கையிலும் புழங்கியது 625 வரிகள் கொண்ட பால் முறை. உறவினர்கள் அனுப்பிய அந்தக் கேசட்டுகளைப் பார்க்க என்டிஎஸ்சி நாடாவையும் ஓட்டும் விசிஆர் வேண்டும்.