ஐபாட் டாக்: ரிமோட்டும் சார்ஜும்

ஐபாடைச் செருகிப் பாட்டுக் கேட்கும் பழைய டாக்கில் ரிமோட் வேலை செய்யவில்லை, பாட்டு விட்டுவிட்டு வந்தது, சார்ஜும் ஏறவில்லை. முதலில் ரிமோட்டின் முனையைப் போனின் செல்ஃபி கேமராவுக்கு நேரே பிடித்து பட்டனை அழுத்தினேன். பின் கேமராவில் பெரும்பாலும் ரிமோட்டின் கண்ணுக்குத் தெரியாத ஐஆர் (அகச்சிவப்பு) வெளிச்சத்தைத் தடுக்கும் ஃபில்டர் இருக்கும், அதை நம்ப வேண்டாம். ஊதா வெளிச்சம் மங்கலாக மினுங்கியது, ரிமோட்டின் எல்இடி விளக்கு சாகவில்லை. உள்ளே கிடந்த பட்டன் செல் சிஆர்2025, மூடியில் எழுதியிருந்ததோ 2032. விட்டம் ஒன்றே, 20 மி.மீ.; கனம் 0.7 மி.மீ. குறைவு, தகடு சரியாகத் தொடாது. டவுன்ஹால் ரோட்டில் சரியான செல் வாங்கிப் போட்டதும் ரிமோட் பேசியது.

பாட்டு விட்டுவிட்டு வந்தது ஐபாடைச் செருகும் 30 பின் கனெக்டரில் படிந்த புழுதியால். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பிரஷ்ஷால் துடைத்து, 10 நிமிடம் காயவிட்டேன்.

சார்ஜ் மட்டும் ஏறவில்லை. பழைய டாக் ஃபயர்வயர் என்ற பழைய வகை இணைப்புக்கான பின்னில் 12 வோல்ட் தரும். 2008-இல் வந்த என் நான்காம் தலைமுறை ஐபாட் நானோவோ 5 வோல்ட் யுஎஸ்பி பின்னை மட்டுமே எடுக்கும். எவ்வளவு துடைத்தாலும் நடக்காது, இடையில் 12-ஐ 5 ஆக்கும் அடாப்டர் வேண்டும்.