விண்டோஸ் 10 டிவிடியை வேறொரு கணினியில் பயன்படுத்துவது எப்படி?

ஒரு கணினிக்காக வாங்கிய விண்டோஸ் 10 டிவிடியை வேறொரு கணினியிலும் போடலாம். அதில் இருப்பவை நிறுவலுக்கான கோப்புகள் மட்டுமே. விண்டோஸை முறைப்படி பயன்படுத்தும் உரிமை வட்டில் இல்லை, 25 எழுத்துகள் கொண்ட சாவியில்தான் இருக்கிறது. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது அந்தச் சாவி எந்த வகையைச் சேர்ந்தது என்பதையே.

பழைய கணினியில் கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் எஸ்எல்எம்ஜிஆர் என அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோட்டையும் டிஎல்ஐ என்ற மூன்று எழுத்துகளையும் சேர்த்து என்டரைத் தட்டுங்கள். தோன்றும் சிறு பெட்டியில் ரீடெயில், அதாவது தனியாக விற்கப்பட்ட சாவி, என்று இருந்தால், சாவியை வேறு கணினிக்கு மாற்றலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு கணினியில்தான் பயன்படுத்தலாம். எனவே டிஎல்ஐ இருந்த இடத்தில் யூபிகே என்று கொடுத்து, பழைய கணினியிலிருந்து சாவியை நீக்கிவிடுங்கள். ஓஇஎம், அதாவது கணினித் தயாரிப்பாளர்களுக்கான சாவி, என்று இருந்தால், அந்தச் சாவி முதலில் நிறுவப்பட்ட கணினிக்கு மட்டுமே உரியது.

ஓஇஎம் சாவி வைத்திருப்பவர்கள் இதோடு நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. விண்டோஸ் 8 அல்லது 10 உடன் விற்கப்பட்ட பிராண்டட் கணினிகளில் பெரும்பாலும் அவற்றுக்கான சாவி மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். விண்டோஸ் 10 உடன் வந்த அப்படியொரு கணினியில் உங்கள் டிவிடியைப் போட்டால், ஹோம், புரோ ஆகியவற்றுள் எதற்கான சாவி உள்ளதோ அதே பதிப்பை நிறுவினால், உங்கள் சாவிக்கு வேலையே இருக்காது. கணினி நிறுவனங்கள் தரும் ரெகவரி டிவிடிகள் இதற்கு உதவாது. அவை பெரும்பாலும் தமக்குரிய மாடல்களில் மட்டுமே இயங்கும்.

இனி நிறுவல். புதிய கணினியில் உள்ள கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்துக்கொண்டு, டிவிடியைப் போட்டு மறுதொடக்கம் செய்யுங்கள். கணினி எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பூட் மெனுவைத் திறக்க, பொதுவாக டெல், லெனோவோ கணினிகளில் எஃப்12, எச்பி கணினிகளில் எஃப்9 விசையைத் தட்ட வேண்டும். டிவிடி டிரைவின் பெயர் இருமுறை தெரிந்தால், புதிய கணினிகளில் யூஇஎஃப்ஐ என்று தொடங்குவதைத் தேர்ந்தெடுங்கள். உடனே, ஏதேனும் ஒரு விசையை அழுத்துமாறு கேட்கும் ஒற்றை வரி கருப்புத் திரையில் சில நொடிகளே நிற்கும். அதைத் தவறவிட்டால் பழைய இயங்குதளமே திறக்கும்.

சாவி கேட்கப்பட்டால் ரீடெயில் சாவியை இடுங்கள். அடுத்து கஸ்டம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இங்கே மிகுந்த கவனம் தேவை. டிஸ்க் பட்டியலில் ஒரு பார்ட்டிஷனை, அதாவது டிஸ்கின் ஒரு பகுதியை, நீக்கினால் அதிலுள்ள அனைத்தும் அழிந்துபோகும் என்பதால், விண்டோஸை நிறுவப்போகாத மற்ற டிரைவ்களைத் தொடங்கும் முன்பே கழற்றிவிடுவது நல்லது. இன்டெல் 11ஆம் தலைமுறை லேப்டாப்கள் சிலவற்றில் எந்த டிஸ்கும் தெரியாமல் பட்டியல் காலியாக இருக்கும். டிஸ்க் பழுதாகிவிட்டதோ என்று பதற வேண்டாம், டிஸ்கை அடையாளம் காண உதவும் இன்டெல் ஆர்எஸ்டி டிரைவர் மென்பொருளைப் பென்டிரைவில் கொண்டுவந்து லோட் டிரைவர் வழியே சேர்த்தால் டிஸ்க் தெரியும்.

நிறுவி முடித்ததும் இணையத்தில் இணைத்து, செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைப் பாருங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், கணினியில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி உள்ளிட்ட தகுதிகள் இருந்தால், விண்டோஸ் 11க்கு மாறிய பிறகே வங்கிக் கணக்கு போன்றவற்றைத் திறக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.